வெள்ளிக்கிழமை போகாத சோபா

செப்டம்பர் 13, சனி

இந்த டைரியைக் கொடுத்தது மருந்துக் கடைக்காரர். பிரஷரை எழுதி வைக்கச் சொன்னது டாக்டர். பிரஷரை மட்டும் எழுதினால் போதுமா? அது ஏன் ஏறுகிறது என்றும் எழுத வேண்டாமா? எழுதுகிறேன்.

காலையில் குமுதா ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த சோபா வீட்டை விட்டுப் போகணும். தீபாவளி கழிச்சு ஞாயித்துக்கிழமை வாணியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. வந்தவங்க அந்தக் குழியில விழுந்து கிடக்கக் கூடாது."

ஃபிரிட்ஜ் பதில் சொல்லவில்லை. நான்தான் செய்தித்தாளைப் பார்த்துச் சொன்னேன்: "போகும், போகும்."

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து என் மனைவி என்னிடம் நேராகப் பேசுவதில்லை, அவ்வளவுதான். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு", "பால்காரர் வந்திருக்கார்", "யாரோ பாத்ரூம் லைட்டை அணைக்கல" என்று எல்லாம் காற்றோடுதான். கல்யாணமான நாளிலிருந்து ஏங்க, ஏங்க என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். நான் தூங்கும்போது என் குறட்டையைப் போனில் பதிவு செய்து குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். அந்தக் குழுவில் என் தம்பி, அவன் சம்பந்தி, குமுதாவின் அண்ணன் தம்பிகள், யாரென்றே தெரியாத இரண்டு பேர், எல்லாரும் இருக்கிறார்கள். சின்ன மச்சான் கேட்டான்: "லாரி எந்த ஊருக்குப் போகுது மாமா?" அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலத்தைப் பார்த்துக் கேட்கிறான், லாரி எந்த ஊருக்குப் போகுது என்று!

தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். "இனிமே கூப்பிட்டாத்தான் அந்த ரூமுக்குள்ள வருவேன்" என்றேன். "நான் ஏன் கூப்பிடணும்? போனவங்களுக்கு வழி தெரியாதா?" என்றாள். அன்று முதல் படுக்கை சோபாவில். கேட்பவர்களிடம் முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் குழியில் படுத்துப் படுத்து இப்போது நிஜமாகவே முதுகு வலிக்கிறது.

சோபா போனால் நான் எங்கே படுப்பேன்? அவள் அதை யோசிக்காமல் சொன்னாளா, யோசித்துத்தான் சொன்னாளா?

பிரஷர் கொஞ்சம் அதிகம்.

செப்டம்பர் 15, திங்கள்

நகராட்சியில் பெரிய சாமான்களை எடுத்துப் போக ஒரு திட்டம் வந்திருக்கிறது. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வார்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மேற்பார்வையாளர் எட்வின் என்று ஒருவர் பேசினார். நல்ல மரியாதையான ஆள்.

"சோபா, கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் எடுப்போம் சார். ஆப்ல பதிஞ்சுடுங்க. உங்க வார்டுக்கு வெள்ளிக்கிழமை."

"வேற நாள் இல்லையா?"

"ஒரே வண்டி சார். மத்த நாள்ல மத்த வார்டுக்குப் போயிடும்."

ஆப்பில் பதிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வாணி போனிலேயே வழி சொன்னாள். 'பழைய சோபா', 'மிகப் பழைய சோபா' என்று இரண்டு பிரிவு. எதைப் போடுவது என்று தெரியாமல் குமுதாவை, அதாவது ஃபிரிட்ஜை, கேட்டேன். "என்னைக் கேட்டா ரிடையர் ஆனதுன்னு போடலாம்" என்றாள். இது எனக்குச் சொன்னதா சோபாவுக்குச் சொன்னதா?

செப்டம்பர் 16, செவ்வாய்

"வெள்ளிக்கிழமை வண்டி வரும்" என்று டிவியிடம் சொன்னேன்.

கையில் கரண்டியோடு குமுதா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமை இந்த வீட்டை விட்டு ஒரு துரும்பு வெளிய போகாது. லட்சுமி போயிடுவா."

"சோபாவுல லட்சுமி எங்க இருக்கா? ஸ்பிரிங்தான் இருக்கு."

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து வெள்ளிக்கிழமையில பக்கத்து வீட்டுக்கு ஒரு கை உப்பு குடுத்ததில்ல. இவ்வளவு பெரிய சோபாவைக் குடுப்பேனா?"

இவ்வளவும் டிவியைப் பார்த்தே. டிவியில் ஒரு பெண் புடவை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன!

எட்வினுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எல்லா வீட்லயும் இதைத்தான் சொல்றாங்க சார். அதான் உங்க வார்டுல இதுவரைக்கும் ஒரு சாமான் கூட எடுக்கல. வண்டி வெறும் வண்டியாத்தான் வந்துட்டுப் போகுது."

"அப்ப நாளை மாத்த வேண்டியதுதானே?"

"சாமானே வராத வார்டுக்கு எதுக்கு நாள் மாத்தணும்னு மேல கேக்கறாங்க சார்."

செப்டம்பர் 19, வெள்ளி

வண்டி வந்தது. வெறும் வண்டியாகப் போனது. நான் வாசலில் நின்று பார்த்தேன். டிரைவர் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

போகிற போக்கில் அவர் ஒரு யோசனை சொன்னார். வியாழக்கிழமையே சோபாவை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டால், அது வியாழக்கிழமை வீட்டை விட்டுப் போனதாகத்தானே கணக்கு? வெள்ளிக்கிழமை அவர்கள் எடுப்பது தெருவிலிருந்து. தெருவின் லட்சுமி போனால் நமக்கென்ன!

குமுதா இந்த யோசனையைத் தினசரிக் காலண்டரில் சரிபார்த்தாள். "வியாழக்கிழமைன்னா பரவாயில்ல" என்று காலண்டரிடம் சொன்னாள்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று நடந்த கூத்தை நிதானமாக எழுத வேண்டும்.

எதிர்வீட்டு கிருபாகரன் உதவிக்கு வந்தார். பேங்கில் மேனேஜராக இருந்தவர், அதனால் எதையும் தூக்காமல் நன்றாக வழி சொல்வார். "லெஃப்டுல சாய்ங்க, கொஞ்சம் மேல, மேல!" நானும் இஸ்திரி வண்டிக்காரரும் தூக்கினோம். வாசற்படியில் பாதி போனதும் சோபா நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சோபா வீட்டுக்குள் வந்தபோது வாசலுக்கு இந்த இரும்பு கிரில் கிடையாது. திருட்டு பயம் என்று பிறகு வைத்தது. திருடன் இந்த சோபாவைத் தூக்கிக்கொண்டு போகாமல் இத்தனை நாள் காத்த கிரில், இப்போது என்னையும் தூக்கவிடவில்லை.

உள்ளே குமுதா. வெளியே நான். நடுவே சோபா. கிரில்லைக் கழற்றும் ஆள் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்றான். இஸ்திரிக்காரர் வேலைக்குப் போய்விட்டார். கிருபாகரன் வழி சொன்ன களைப்பில் தூங்கப் போய்விட்டார். நான் என் வீட்டு வாசலில் பிச்சைக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் சோபாவுக்கு மேலே ஒரு டம்ளர் தெரிந்தது. "சோபாவுக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தா, டீ ஆறிக்கிட்டு இருக்கு."

எழுந்து வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது விரல் பட்டது. டீ நல்ல சூடு.

"சர்க்கரை கம்மி" என்றேன், சோபாவிடம்.

"பிரஷர் இருக்கறவங்களுக்கு இது போதும். அடுத்தது சுகர் வந்து நிக்கும்" என்று சோபா சொன்னது. அதாவது அவள்தான். சோபா நடுவில் இருந்ததால் முகம் தெரியவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். வாணிக்கு என்ன புடவை, வருகிறவர்களுக்கு கேசரியா சொஜ்ஜியா என்று. ஜூனுக்குப் பிறகு இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. எல்லாம் சோபாவோடுதான், ஆனாலும்.

கிரில்காரன் இன்னும் கொஞ்சம் லேட்டாக வந்திருக்கலாம்.

சாயங்காலம் சோபா தெருவுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

வண்டி வந்த நேரத்தில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். கிருபாகரனும் அவருடைய வாக்கிங் நண்பர்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்களாம். டிரைவர் இறங்கி வந்து, "இது எடுக்கறதுக்கா?" என்று கேட்டாராம். கிருபாகரன் சொன்ன பதில்: "கண்ணு தெரியலையா? உக்காந்திருக்கோம்ல!"

வண்டி வெறும் வண்டியாகப் போய்விட்டது. ஈரத் துண்டோடு தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். கிருபாகரன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது.

செப்டம்பர் 27, சனி

ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். தரை ஜில்லென்று இருக்கிறது. குமுதாவின் ரூம் கதவு தாழ் போடாமல் ஒருக்களித்துத் திறந்திருந்தது. காற்றுக்காக இருக்கும்.

அந்த ரூமில் ஏசி இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நம் வீட்டில் பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகக் கிளம்பினால் ஒரு சாமான் விடமாட்டேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், ஏணி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார். கை பாட்டுக்கு வைத்துக்கொண்டே போகும். வாசலுக்கு வந்து கேட்டுக்கு வைத்தேன், அடுத்தது சோபா, அதற்கும் வைத்தேன். இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொன்று, முதுகில் நடுவே பெரிதாக ஒன்று. வருஷா வருஷம் வைக்கிற கைதானே.

பொரி, சுண்டல் நன்றாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் போடலாம் போலிருக்கு" என்று சுண்டலைப் பார்த்துச் சொன்னாள். போட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று காலையிலேயே குளித்துவிட்டு சோபாவுக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். கிருபாகரனை உட்கார விடவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வண்டி வந்தது. எட்வினே நேரில் வந்திருந்தார். எங்கள் வார்டின் முதல் சாமான் என்பதால் போட்டோ எடுக்க ஆளோடு வந்திருந்தார்.

ஆட்கள் சோபாவைத் தூக்கக் குனிந்தார்கள். அப்படியே நிமிர்ந்துவிட்டார்கள்.

"சார், பொட்டு வச்சிருக்கு."

"அதனால என்னப்பா?"

"பொட்டு வச்ச பொருளைக் குப்பை வண்டியில ஏத்த மாட்டோம் சார். பூஜை முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆகுது. பாவம் புடிச்சுக்கும்."

"உங்க வண்டிக்குந்தான் பொட்டு வச்சிருக்கு! வாழைக்கன்னு வேற கட்டியிருக்கீங்க. பொட்டு வச்ச சோபாவைப் பொட்டு வச்ச வண்டியில ஏத்தினா என்ன பாவம்?"

எட்வின் கையைப் பிசைந்தார். "சார், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நான் சர்ச்சுக்குப் போறவன். இவங்க சொன்னா நான் ஒத்துக்கணும். நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா எட்வின்தான் பொட்டு வச்சதைக் குப்பையில போட்டான்னு என் பேர்லதான் வரும்."

ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ அநியாயம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் ஒரு சோபாவுக்குப் பொட்டு வைத்துவிட்டு இந்தப் பாடு படுகிறேன்.

அக்டோபர் 4, சனி

வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். துடைத்தால் முடிந்தது. குமுதா கேட்டருகே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பொண்ணுக்கு நல்லது நடக்கப் போற நேரத்துல பொட்டை அழிக்கிறவங்களை எங்கேயாவது பாத்திருக்கோமா? அதுவா போகட்டும்."

துணியைப் பிழிந்து காயப் போட்டேன்.

அக்டோபர் 8, புதன்

வெயில். சந்தனம் நன்றாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரமான சந்தனம். நானேதான் வாங்கினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வண்டி வந்தது, பார்த்தது, போனது. பொட்டு வைத்த கழிவுப் பொருள் பற்றி எட்வின் மேலே எழுதிக் கேட்டிருக்கிறாராம். பதில் வரவில்லை. வந்தால் அது ஒரு அரசாணையாக வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையைத்தானே நானும் பார்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பாயில் படுத்து முதுகு பலகையாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் சோபா எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக வெளியே போனேன். வேப்ப மர நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. குழி என் உடம்புக்கென்றே ஆன குழி. சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

சாயங்காலம் பால்காரர் எழுப்பினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆப்பிலிருந்து ஒரு செய்தி: "தங்கள் கோரிக்கை ஆய்வு செய்யப்பட்டது. பொருள் உரிமையாளரின் பயன்பாட்டில் உள்ளது. கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது." கூடவே ஒரு போட்டோ. அதில் நான். தெருவில், பொட்டு வைத்த சோபாவில், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன்.

எட்வினிடம் சண்டை போட்டேன். "ஃபீல்டு ஸ்டாஃப் நேத்து வந்தாங்க சார். உங்களை எழுப்பப் பாத்திருக்காங்க. குறட்டையைக் கேட்டுட்டு எழுப்ப மனசு வரலையாம்."

ஆப்பைத் திறக்கும் எண் வாணியிடமும் இருக்கிறது. வாணியிடம் இருந்தால் அவள் அம்மாவிடமும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். மறுபடியும் என் தூக்கம் நாடு பூராவும். மானம் போயிற்று.

சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். குமுதா போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

மத்தியானம் போனபோது சோபாவின்மேல் என் தலையணை இருந்தது. உறை துவைத்துப் போட்டிருந்தது. காய வைப்பதற்காக யாரோ வைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

மழை! காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஜன்னலில் நின்று பார்த்தேன். முதலில் கைப்பிடிப் பொட்டு கரைந்தது, பிறகு முதுகுப் பொட்டு கரைந்தது. தெருவெல்லாம் சிவப்பாக ஓடியது. இவ்வளவு சந்தோஷமாக மழையை நான் பார்த்ததே இல்லை. முடித்து வைத்த கோரிக்கையை மறுபடி திறந்து பதிந்துவிட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை!

தலையணையைக் காலையிலேயே உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். நான் கூட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

சோபா தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. நான்கு ஆள் பிடித்தும் அசையவில்லை. நாலாவது ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"காய்ஞ்சதும் சொல்லுங்க சார். அதோட இது நனைஞ்சிருக்கு. நனைஞ்சது ஈரக் கழிவுல வரும். அதுக்கு வேற வண்டி" என்றார் டிரைவர்.

"அந்த வண்டி என்னைக்கு வரும்?"

"தினமும் வரும் சார். ஆனா அது சின்ன வண்டி. சோபா ஏறாது."

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். பேசினால் ஜெயிலுக்குப் போகிற மாதிரி ஏதாவது பேசிவிடுவேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு வாணி வந்திருக்கிறாள். சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னும் முதுகுவலியாப்பா?"

"ஆமாம்மா. தரையில படுக்கச் சொல்லியிருக்காங்க."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

நான் மத்தாப்பு டப்பாவைத் தேட ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அந்த ரெக்கார்டிங் எனக்கு அனுப்பறதுக்காக அம்மா எடுத்தது. உங்களைக் கேலி பண்ண இல்ல. குறட்டை விட்டுக்கிட்டே இருக்கும்போது நடுவுல உங்களுக்கு மூச்சு நின்னுடுதாம். அம்மா உங்களை உலுக்கி உலுக்கி எழுப்புவாங்களாம். டாக்டர்கிட்ட காட்டலாம்னுதான் எடுத்தாங்க. எனக்கு அனுப்பறதுக்குப் பதிலா கை தவறி குரூப்புல போட்டுட்டாங்க. அதைச் சொல்றதுக்குள்ள நீங்க தலையணையைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. அம்மாவுக்கும் ரோஷம் வந்துடுச்சு."

"எனக்குத் தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது.

"அம்மா கதவைச் சாத்தறதே இல்ல, தெரியுமா? இங்கேர்ந்து குறட்டைச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே படுத்திருக்காங்க. சத்தம் வந்தாத்தான் தூங்கறாங்க. நேத்து பக்கத்துல படுத்துப் பாத்தேன்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பட்டாசுப் புகை என்று வாணியிடம் சொன்னேன். இந்த டைரியிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

உடனே எழுந்துபோய் அவளிடம் பேசியிருக்கலாம். சமையலறை வாசல் வரை போனேன். அவள் முறுக்கு டப்பாவைப் பார்த்து, "யாருக்காவது முறுக்கு வேணும்னா எடுத்துக்கலாம்" என்றாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொன்னேனே. சொன்ன வாய் குறுக்கே நிற்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

சோபா நன்றாகக் காய்ந்துவிட்டது. பொட்டு இல்லை. யாரும் உட்காரவில்லை. நான் குளித்துத் தயார். எல்லாம் சரி.

வண்டி வரவில்லை. மழைக்கு வேறு எங்கோ மரம் விழுந்ததாம், அங்கே போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் குமுதா சோபாவின்மேல் ஒரு நல்ல பெட்ஷீட்டை விரித்தாள். "குப்பை மாதிரி தெரியக் கூடாது. நம்ம வீட்டு வாசல்ல எப்பவும் இப்படித்தான்னு இருக்கட்டும்" என்று பெட்ஷீட்டிடம் சொன்னாள். நானும் கிருபாகரனிடம் சமாதானமாகி நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து ஹாலில் போட்டேன். பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதற்காக ரூமுக்குள் போனேன். அது கணக்கில் சேராது.

அவர்கள் வந்தார்கள். பையன், பையனின் அம்மா சகுந்தலா, ஒரு சித்தி. அப்பா தீனதயாளன் காரை நிழலில் விட்டுவிட்டு வருகிறாராம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. வாணியும் பையனும் பேசுவதற்கு மாடிக்குப் போய்விட்டு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அப்பா மட்டும் வரவில்லை.

அப்போது ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது.

ஹாலில் இருந்த என் வீட்டார் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பஜ்ஜியோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் தெருவிலிருந்து வந்தது.

எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். தீனதயாளன் சோபாவில் இருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள உட்கார்ந்தவர் குழிக்குள் போய், போன இடத்திலேயே தூங்கிவிட்டார். சத்தம் கேட்டு விழித்தார், எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆள் நல்ல வாட்டசாட்டம். காலும் கையும்தான் வெளியே தெரிந்தன. பையன் ஒரு கையைப் பிடித்தான். குமுதா ஓடிப்போய் இன்னொரு கையைப் பிடித்தாள். சோபா விடவில்லை.

"ஏங்க! என்னங்க பாத்துட்டே நிக்கிறீங்க? வந்து இந்தப் பக்கம் பிடிங்க!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னிடம்தான் சொன்னாள். ஃபிரிட்ஜ் அங்கே இல்லை, டிவி இல்லை, காலண்டர் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க! காதுல விழலையா?"

விழுந்தது. முதல் தடவையே விழுந்தது. இன்னொரு தடவை கேட்பதற்காகத்தான் நின்றேன்.

மூன்று பேருமாக இழுத்தோம். வெளியே வந்தார். சகுந்தலா தலையில் அடித்துக்கொண்டார்: "போற இடத்துலெல்லாம் இவரால மானம் போகுது. வீட்லயும் இப்படித்தாங்க, ஹால்லதான் படுப்பார். கேட்டா முதுகுவலிம்பார்." நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். குமுதா பெட்ஷீட்டை மடித்தாள்.

தீனதயாளன் வெட்கப்படவே இல்லை. சோபாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, இவ்வளவு சுகமா நான் தூங்கி ரொம்ப நாளாச்சு. இதை ஏன் தெருவுல போட்டிருக்கீங்க? வேணாம்னா எனக்குக் குடுத்துடுங்க" என்றார். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்வதற்கு முன்பே சம்பந்தி என்றுவிட்டார். சித்திதான் முறையாகச் சொல்லி முடித்தார்.

எல்லாரும் கிளம்பிப் போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பாயைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் இல்லை. பரணில் இருந்தது. ஏணி இல்லாமல் எடுக்க முடியாது. காலையில் இங்கே இருந்த ஏணி இப்போது கிருபாகரன் வீட்டில்.

சாப்பிட்டு முடித்ததும் ரூமிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, ஹால் லைட்டை அணைச்சிட்டு வாங்க."

அணைத்துவிட்டுப் போனேன்.

அக்டோபர் 27, திங்கள்

முதுகுவலி இல்லை. இரவில் இரண்டு தடவை உலுக்கி எழுப்பினாள். இரண்டு தடவையும் கோபம் வரவில்லை. புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம், அந்த ரெக்கார்டிங்கோடு. சின்ன மச்சான் லாரி எங்கே போகிறது என்று கேட்டால், ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

சம்பந்தி வீட்டிலிருந்து டெம்போ வந்தது. வெள்ளிக்கிழமையிலேயே! நான் பயந்துகொண்டே குமுதாவைப் பார்த்தேன்.

"நம்ம பொண்ணு வாழப் போற வீட்டுக்குத்தானே போகுது. லட்சுமி வெளிய போறதா அர்த்தமில்ல. முன்னாடி போய் இடம் பிடிக்கிறா" என்றாள். டெம்போக்காரரிடம் குங்குமச் சிமிழை நீட்டி சோபாவுக்கு ஒரு பொட்டும் வைக்கச் சொன்னாள்.

டெம்போ தெருமுனை திரும்பும்போது நகராட்சி வண்டி எதிரே வந்தது. எட்வின் இறங்கிக் காலி இடத்தைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் வார்டின் முதல் சாமான் போய்விட்டது சார், என்றார். அவருடைய வண்டி வெறும் வண்டியாகப் போனது.

மத்தியானம் ஆப்பில் செய்தி: "தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. எங்கள் சேவை எப்படி இருந்தது?" கீழே ஐந்து நட்சத்திரங்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு துரும்பைத் தூக்கியிருப்பார்களா இவர்கள்? ஒன்று கூடப் போடக் கூடாது என்று போனை எடுத்தேன்.

குமுதா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அஞ்சும் போடுங்க."

போட்டேன்.